மங்காத பல்பு

பர்மாவில், பக்கோக்கு ஊரில் எங்கள் தெருவின் பாதி இன்வெர்ட்டர்கள் மா நியோ செய்தவை. ரேடியோ பழுதுபார்த்தவள், நாளுக்கு நாலு மணி நேரம்தான் கரண்டு என்று ஆனதும் இதில் இறங்கினாள். என் தேநீர்க் கடைக்கும் ஒன்று செய்து தந்தாள்.

அவள் கணவர் கோ லின்னுக்கு இடது கால் சூம்பிப்போயிருந்தது. மாடியில் உட்கார்ந்து சுருட்டு சுற்றுவார். பேட்டரி இறங்க இறங்க குண்டு பல்பு மஞ்சளாகும். உடனே வேலையை மூடிவைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மரப்படியில் இறங்கிவிடுவார்.

வோல்டேஜ் குறைகிறது என்று தெருவில் எல்லோரும் குறைசொன்னார்கள். மா நியோ மூன்று வாரம் மல்லுக்கட்டி வழி கண்டாள். வெளியே போகும் மின்சாரத்தை ஒரு கம்பி அளந்து சொல்லும்; குறைந்தால் பெட்டியே ஏற்றிக் கொடுக்கும். பேட்டரி அடிமட்டத்துக்குப் போனால் மட்டும் ரிலே என்கிற தானியங்கி சுவிட்ச் கரண்டை ஒரேயடியாக வெட்டிவிடும். முதலில் சொந்த வீட்டில் மாட்டினாள்.

"இனிமே மங்காது, பாருங்க."

"அடியேய், கரண்டு ஆபீசையே தோக்கடிச்சிட்டியே!"

"போங்க, கேலியையும் சுருட்டுல வச்சு சுத்துங்க."

நாலாம் நாளுக்குள் தெருப் பெட்டிகளிலும் அதை மாட்டிவிட்டாள். அன்று மழை இருட்டிய சாயங்காலம். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டிருக்க, சாப்பிட இறங்கினார் கோ லின். அவர் பாதிப் படியில் இருக்கையில் ரிலே 'டக்'கென்று வெட்டியது; ஒரே இருட்டு. கீழே அடுப்படியில் இருந்தவளுக்கு அந்தச் சத்தம் கேட்டது. அடுத்து அவர் உருளும் சத்தம்.

இடுப்பெலும்பு முறிந்து ஒன்பது நாள் கிடந்தார். நான் பார்க்கப் போனபோது அவர் காலடியில் உட்கார்ந்திருந்தாள்.

"மங்கினா இறங்கிடுவீங்க. அந்த மங்கலையே நான் எடுத்துட்டேனே."

"படி வழுக்கிச்சு. பெட்டி மேல பழி போடாத" என்றார் அவர்.

படி காய்ந்துதான் இருந்தது. அது மூன்று பேருக்கும் தெரியும்.

அவர் இறந்த ஏழாம் நாள் பிக்குகளுக்கு அன்னமிட்ட மறுநாளே மா நியோ வீடு வீடாகப் போய்ப் பெட்டிகளை வாங்கி வந்தாள். ரிலே வெட்டுவதற்கு ஐந்து நிமிடம் முன்பே கத்துகிற மணி ஒன்றை ஒவ்வொன்றிலும் வைத்தாள். என் கடைக்கும் வந்தாள்.

"எனக்கெதுக்கு மா நியோ? ஒரே தளந்தானே."

"வெந்நீர்ச் சட்டியோட நடக்கறீங்கல்ல? கழட்டுங்க."

கழற்றிக் கொடுத்தேன். "உங்க வீட்டுப் பெட்டிக்கு வச்சாச்சா?"

பெட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"இல்ல. மாடிக்கு இப்ப யாரு போறா" என்றாள்.