நாக்கை நெருக்கி வைத்தேன்

இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு லீவு. செஞ்சியில் மாமாவின் மில்லில், மல்லாட்டை எனும் நிலக்கடலையை உடைக்கும் இடத்தில், என்னால் சும்மா இருக்க முடியவில்லை. உடைந்த ஓடுகளை ஊதித் தள்ளும் புளோயரின் கூடு நத்தை மாதிரி சுருண்டிருக்கும். காற்று வெளியேறும் இடத்தில் இருக்கும் முனைக்கு நாக்கு என்று பெயர். அது விசிறியை விட்டு ரொம்ப விலகி இருந்ததால் பாதிக் காற்று வீணாக உள்ளேயே சுற்றியது. மாமாவிடம் கேட்காமலே ஒரு தகட்டை முடுக்கி இடைவெளியைக் குறைத்தேன். காற்று சீறியது. பெருமை தாங்கவில்லை.

மறுநாள் பனமலையிலிருந்து ஓர் அக்கா விதைக்காக இரண்டு மூட்டை கொண்டுவந்தார். மில் ஓடியதும் ஓட்டோடு பயறும், அதாவது உள்ளிருக்கும் பருப்பும், பறந்து சுவரில் மோதியது.

"இன்னா அண்ணே, பயறெல்லாம் பறக்குது!"

"உன் மல்லாட்ட சொத்தைம்மா. கனம் இருந்தா ஏன் பறக்கும்?" என்றார் மாமா.

அக்கா ஒரு பயறைக் கடித்துப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்குது..." என்று முனகினார், தன் நிலத்தையே சந்தேகப்படுகிறவர் போல. நான் முடுக்கிய தகடுதான் காரணம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சொன்னால் மாமா கிழித்துவிடுவார். அதற்குள் இன்னொரு கூடை உள்ளே போனது.

"நிறுத்துங்க மாமா! புளோயரை நான்தான் மாத்துனேன்!"

மாமா திட்டியது ரோடு வரை கேட்டது. அக்கா திட்டவில்லை. "மொதல்லயே சொல்றதுக்கு இன்னா தம்பி? வா, பொறுக்கு," என்றார். சாயங்காலம் வரை இருவரும் குவியலில் உட்கார்ந்து பொறுக்கினோம். சிவப்புத் தோல் உரிந்த பயறு முளைக்காது என்று ஒதுக்கிக்கொண்டே வந்தார். அந்தப் பட்டத்தில் விதை போதாமல் கால் காணியை அவர் விதைக்காமலே விட்டதாக மாமா பிறகு சொன்னார்.

எவ்வளவு காற்று போதும் என்று கேட்காதது என் அவசரம். அதை மன்னித்துக்கொள்வேன். தெரிந்தும் நான் வாய் திறக்காமல் நின்றபோது உள்ளே போன அந்த ஒரு கூடையைத்தான் மன்னிக்க முடியவில்லை.