பூபதியின் தொப்பிக்காரர்கள்

நாற்பத்திரண்டு வயது ஆள் பொம்மை வாங்கி அடுக்கினால் ஊர் சிரிக்கத்தான் செய்யும். பூபதிக்கு அது பழகிப் போயிருந்தது. கொல்லிமலையில், திண்ணனூர் நாட்டில் அவருடைய வீட்டுக்கு வழி கேட்டால், "அந்தப் பொம்மைக்காரன் ஊடா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுவார்கள்.

பொம்மைகள் முப்பத்தொன்று. எல்லாம் பழைய அமெரிக்கப் படங்களிலும் டிவி தொடர்களிலும் வந்த குதிரைவீரர்கள். அகன்ற தொப்பி, கழுத்தில் கைக்குட்டை, இடுப்பில் துப்பாக்கி. ஒவ்வொன்றும் ஒரு சாணும் நாலு விரலும் உயரம். முழங்கால், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் மடங்கும். ஒன்பது பேருக்குக் குதிரையும் உண்டு.

பூபதிக்குக் கம்பி கட்டும் வேலை. பதினெட்டு வயதில் மலையிறங்கியவர் பெங்களூரு, ஓசூர், கோயம்புத்தூர் என்று கட்டடம் எங்கே எழும்புகிறதோ அங்கே தகரக் கொட்டகையில் படுத்துக் காலம் கழித்தார். கொத்தனார் பூசிய சுவரை நாலு பேர் பார்ப்பார்கள். கம்பி கட்டியவனின் வேலை கான்கிரீட்டுக்குள் போய்விடும். அவன் எவ்வளவு ஒழுங்காகக் கட்டினான் என்று கட்டடம் இடிகிற அன்றைக்குத்தான் தெரியும்.

முதல் பொம்மை பெங்களூரில் கிடைத்தது. இடிக்கப் போகிற ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தபோது, பரணில் பிஸ்கட் டப்பா ஒன்றுக்குள் அவன் கிடந்தான். பார்த்ததும் பூபதிக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொட்டகை டிவியில் தமிழ் பேசிக்கொண்டு வருவானே, அவன் ஜாதி ஆள். அந்தப் படங்களில் பூபதிக்குப் பிடித்தது சண்டை இல்லை. ஒருத்தன் தன்னந்தனியாகக் குதிரையில் ஓர் ஊருக்குள் வருவான். எந்த ஊர், யார் மகன், என்ன ஆளுக என்று எவனும் கேட்க மாட்டான். வந்த வேலையை முடிப்பான், போய்விடுவான். அந்த மாதிரி ஓர் ஊருக்குள் ஒரு நாளாவது நுழைந்து பார்க்க வேண்டும் என்று பூபதிக்கு ஆசை.

அதற்குப் பிறகு பதினாறு வருஷம். பெங்களூரின் ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தை, காயலாங்கடை, வீடு மாற்றுகிறவர்கள் வெளியே எறிகிற அட்டைப்பெட்டி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார். பொம்மையின் முதுகில் பொடி எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரைப் படித்துப் படித்தே இங்கிலீஷ் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டார். உள்ளே இருக்கிற ரப்பர் இற்றுப்போனால் கையும் காலும் தொங்கிவிடும். அதைக் கொக்கி விட்டு இழுத்துப் புது எலாஸ்டிக் கோக்கவும் பழகினார்.

மீதியெல்லாம் கோயம்புத்தூர் அருள் போனில் சொல்லிக்கொடுத்தது. அருள் ஒரு பம்பு கம்பெனியில் வேலை செய்கிறவர், அவரும் சேகரிக்கிறவர். இரண்டு பேரும் நேரில் பார்த்ததே இல்லை. அருள் முதலில் சொன்ன பாடம் ஒன்றுதான்: "சாயம் போனா போகட்டுமுங்க. மேல நீங்க பூசிராதீங்க. பூசிட்டா அதோட அந்தப் பொம்மை செத்துச்சு."

பூபதியின் மனைவி ரஞ்சிதா வாய்த்துடுக்கானவர். ஒரு தீபாவளிக்கு முன்னால் கேட்டார்: "ஏனுங்க, எனக்குச் சேலை எடுக்க நாலு கடை ஏறுன்னா காலு வலிக்குது. இந்தத் தொப்பிக்காரனுக்கு ஒத்தை பூட்ஸ் தேட பெங்களூரையே சுத்தி வாரீங்க?"

"சேலை எந்தக் கடையிலும் கெடைக்கும். இந்த பூட்ஸ் கெடைக்காது."

"அப்ப நானும் எங்கயாச்சும் தொலைஞ்சு போயி, கெடைக்காத பொருளா ஆயிக்கறேன். தேடி வருவீங்க."

சொன்னாரே தவிர, கண்ணாடி அலமாரியைத் தினமும் துடைத்ததும் ரஞ்சிதாதான்.

போன கார்த்திகையில் அருள் போன் செய்தார். கோயம்புத்தூரில் பொம்மை சேகரிப்பவர்கள் கூடி ஒரு நாள் கண்காட்சி வைக்கிறார்கள், தை மாதம், ஒரு கல்யாண மண்டபத்தில். "உங்களுக்கு ஒரு டேபிளுங்க. மெட்ராஸ்ல இருந்தெல்லாம் வாராங்க, ஆனா இந்தக் கௌபாய் செட்டு இப்படி முழுசா யாருகிட்டயும் இல்லை. போர்டுல என்ன போடட்டும்?"

"என்னங்க போடுவாங்க?"

"பேரும் ஊரும்தான். பூபதி, கொல்லிமலைன்னு போட்டுடறேன்."

பூபதி எத்தனையோ கட்டடங்களில் கல்வெட்டு பதிப்பதைப் பார்த்திருக்கிறார். கட்ட வைத்தவன், திறந்து வைத்தவன், இடம் கொடுத்தவன் எல்லார் பெயரும் அதில் இருக்கும். தன் பெயரை ஒரு பலகையில் யாராவது எழுதி வைப்பார்கள் என்று அவர் நினைத்ததே இல்லை. அந்த மேசைக்குப் பின்னால் ஒரு நாள் நிற்க வேண்டும், வருகிறவர்கள் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

பொங்கல் முடிந்த கையோடு ஓசூரில் ஒரு தளத்துக்குக் கம்பி கட்டப் போனார். கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை திரும்புவதாக ஏற்பாடு. போன இரண்டாம் நாளே மகள் தேன்மொழிக்குக் காய்ச்சல் என்று ரஞ்சிதா சொன்னார். ஏழாவது படிக்கிற பிள்ளை. ஒரு வாரமாகியும் காய்ச்சல் இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி போட்டார்கள். "நான் வாரேன்" என்றதற்கு, "இப்ப தேவலைங்க, வேலையை முடிச்சிட்டே வாங்க" என்றார். அந்தக் குரலில் ஏதோ ஒன்று ஒட்டவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொண்ட களைப்பு என்று பூபதி நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்தபோது தேன்மொழி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி அலமாரியில் துணி மடித்து வைத்திருந்தது.

"எங்க?" என்றார் பூபதி.

ரஞ்சிதா நேராகவே சொல்லிவிட்டார். பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்காமல் கிடந்த நாளில், பூபதியின் தம்பி சுதாகர் பைக்கோடு வளைவில் விழுந்தான். பக்கத்து வீட்டு மாடு ஒன்று செத்தது. எல்லைக் கருப்பனார் கோயிலில் பூ கேட்டார்கள். மனசில் ஒரு கேள்வியைக் கட்டி, சிவப்புப் பூவை ஒரு இலையிலும் வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் பொட்டலம் போட்டுச் சாமி முன்னால் வைப்பார்கள். ஒரு சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் ஆமாம்.

"என்னன்னு கேட்டாங்க?"

"ஆயுதத்தோட குதிரையில இருக்கற உருவத்தை ஊட்டுக்குள்ள பூட்டி வெச்சது குத்தமான்னு. வெள்ளைங்க. மூணு தரமும் வெள்ளை. அதான் எல்லாத்தையும் கருப்பனாருக்கே குடுத்தாச்சு."

"கேள்வியைக் கட்டுனது யாரு?"

ரஞ்சிதா பிள்ளையின் போர்வையை இழுத்துவிட்டார்.

"சுதாகரா?"

"அவரு கேட்டாரு. நான் வேண்டாம்னு சொல்லலை. நீங்க ஊட்ல இல்லை. புள்ளை கண்ணு சொருகிக் கெடக்கறா. அந்த நேரத்துல பொம்மையா பெருசு?"

அந்தப் பக்கத்தில் வேண்டுதல் நிறைவேறினால் கருப்பனாருக்கு மண்ணால் குதிரையோ ஆளோ செய்து வைப்பது வழக்கம். உருவாரம் என்பார்கள். பூசாரி அதற்குக் கண் எழுதிக் கண் திறந்துவிட்டால் பிறகு அது சாமியின் ஆள். யாரும் திருப்பி எடுப்பதில்லை.

பூபதி கோயிலுக்கு நடந்தார். கோயில் என்றால் கூரை இல்லை. ஒரு பலா மரம், அதன் கீழே நட்ட கல், சுற்றிலும் வெயிலும் மழையும் தின்ற மண்குதிரைகள். அவற்றுக்கு முன்னால் புதிதாக ஒரு மேடை. அதில் முப்பத்தொரு பேரும் வரிசையாக நின்றார்கள், ஒன்பது குதிரைகளும் பக்கத்தில். எல்லார் கண்ணிலும் கறுப்புப் பெயிண்ட். உதட்டில் சிவப்பு. மார்பில் நட்சத்திர பேட்ஜ் குத்திய, மீசை இல்லாத மார்ஷல் பொம்மைக்கும் காதுவரை முறுக்கு மீசை. தலையில் ஊற்றிய எண்ணெய் தொப்பியிலிருந்து வழிந்து, தூசி ஒட்டியிருந்தது. பூட்ஸ்கள் கணுக்கால்வரை சிமெண்டுக்குள். அசையாமல் இருக்க முழங்காலுக்குக் கட்டுக்கம்பி போட்டிருந்தார்கள். பூபதியின் வீட்டிலிருந்த கம்பிச் சுருள்தான் அது. முடிச்சுகூடச் சரியாகப் போடத் தெரியவில்லை.

சுதாகர் கையில் கட்டோடு அங்கேயே நின்றான். வாசலூர்பட்டி படகுத்துறையிலிருந்து டூரிஸ்டுகளை ஜீப்பில் ஏற்றி மலை சுற்றிக் காட்டுகிறவன். அவன் மேடையைப் போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பியதை வழியில் பார்த்தவர்கள் பூபதியிடம் சொல்லியிருந்தார்கள். பூசாரி சின்னக்கண்ணு மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணா, சொல்லிட்டுச் செய்யோணும்னுதான் இருந்தேன்."

"போன்ல சொல்ல வாயி வரலையாடா? போட்டோ புடிச்சு ஊருக்கெல்லாம் காட்ட மட்டும் கை வருது?" கீழே சாலையில் ஒரு ஜீப் நின்றது. இரண்டு பெண்கள் மேடையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அது தானா பரவிருச்சுண்ணா. நாலு சனம் வந்தா கோயிலுக்குத்தானே நல்லது?"

சின்னக்கண்ணு வெற்றிலையை ஓரம் தள்ளினார். "கண்ணு, கோவப்படாத. இத்தனை வருசம் உங்கிட்ட பொம்மையா இருந்தானுங்க. இப்ப வேலை கெடைச்சிருக்குது."

"ஞாயித்துக்கிழமை எனக்கு வேணுமுங்க, மாமா. ஒரு நாளைக்கு. கொண்டு போயிட்டுக் கொண்டாந்து வெச்சுடறேன்."

"வேண்டாங்கறதுக்கு நான் யாரு? உன் கை, உன் உளி. எடுத்துக்க. இதுங்களை நட்டு வெச்ச அன்னைக்குத்தான் உங்க ஊட்டுப் புள்ளை எந்திரிச்சு உக்காந்துச்சு. அதை மட்டும் நெனச்சுக்க."

பூபதி வீட்டுக்கு வந்து சாக்கிலிருந்து சுத்தியலும் உளியும் எடுத்தார். ரஞ்சிதா வாசலில் நின்றார். வழியை மறிக்கவில்லை.

"காய்ச்சல் ஊசியில போச்சு, ரஞ்சிதா."

"போயிருக்கும். பூவுலயும் போயிருக்கும். எனக்கெப்படித் தெரியும்? நீங்க எடுத்துட்டு வந்தா நான் கையைப் புடிக்க மாட்டேன். ஆனா மறுபடி அவளுக்கு உடம்பு சுட்டுச்சுன்னா, நீங்கதான் தூக்கிட்டு ஓடோணும். எல்லாரும் உங்க மூஞ்சியைப் பாப்பாங்க. நானும் பாப்பேன்."

பூபதி நம்பவில்லை. பூவையும் நம்பவில்லை, கேள்வி கட்டியவனையும் நம்பவில்லை. சிமெண்ட் அவருக்குப் பயமா? இரண்டு மணி நேர வேலை. ஆனால் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த பிள்ளையின் மெலிந்த கழுத்தைப் பார்த்தார். உளியைச் சாக்குக்குள் திரும்பப் போட்டார். நம்பாத ஒன்றுக்குப் பயப்பட்டோமே என்பதுதான் அதற்கப்புறம் அவரை அதிகமாக அரித்தது.

சனிக்கிழமை, பொம்மை வராது என்று அவர் சொல்வதற்கு முன்னாலேயே அருள் கூப்பிட்டார். "பூபதி! உங்க ஊர்ப் பக்கம் கோயில்ல கௌபாய்ங்களை நட்டு வெச்சிருக்காங்களே, பாத்தீங்களா? எங்க குரூப்ல இதே பேச்சுதான். உங்க செட்டு மாதிரியே இருக்குதுங்க!"

"என்னால பொம்மை கொண்டார முடியலைங்க" என்றார் பூபதி.

"ஏன், என்னாச்சு?"

"புள்ளைக்கு உடம்பு சரியில்லை."

"அடடா. புள்ளையைப் பாருங்க, அதான் முக்கியம். டேபிளை நான் பாத்துக்கறேன்."

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை விடிகாலை பூபதி வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு முதல் பஸ் ஏறினார். எதற்கென்று ரஞ்சிதா கேட்கவில்லை. முள்ளுக்குறிச்சி வழியாக ராசிபுரம், அங்கிருந்து சேலம், அப்புறம் கோயம்புத்தூர். மண்டபத்துக்குள் போகும்போது மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது.

கார், ரயில், ரோபோ என்று மேசை மேசையாக அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு மேசைக்குப் பின்னாலும் ஒரு ஆள், முன்னால் ஒரு பலகை. நடுவில், பூபதிக்கென்று ஒதுக்கியிருந்த மேசையில் மட்டும் பொம்மை எதுவும் இல்லை. பெரிய படம் ஒன்றைப் பிரிண்ட் போட்டு நிறுத்தியிருந்தார்கள். படத்தில் முறுக்கு மீசை மார்ஷல், எண்ணெய் வழியும் தொப்பி. பலகையில் எழுதியிருந்தது: "கொல்லிமலைக் குதிரைச் சாமிகள். படம்: சுதாகர்." கூட்டம் அந்த மேசையில்தான் அதிகம்.

நீலச் சட்டை போட்ட ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். குரலைக் கேட்டதும் அருள் என்று பூபதிக்குத் தெரிந்துவிட்டது. அருளுக்கு இவரைத் தெரியவில்லை. இவருடைய கையின் காய்ப்பைப் பார்த்தார், மண்டபத்து வேலையாள் என்று முடிவு செய்தார்.

"அண்ணா, அந்தப் பக்கம் ஒரு கை புடிங்க. சன்னல் ஓரமாப் போட்டா படம் நல்லாத் தெரியும்."

பூபதி மேசையின் மறுமுனையைப் பிடித்தார். இருவரும் தூக்கிக்கொண்டு நடக்கும்போது, கூடவே வந்த ஒரு கல்லூரிப் பெண் கேட்டாள்: "சார், இந்த ஃபிகர்ஸோட ஓனர் யாரு?"

"ஓனர்னு யாருமில்லைம்மா. சாமி பொருள். யாரோ வேண்டிக்கிட்டுக் கொண்டுவந்து வெச்சிருக்காங்க."

அந்த இடத்தில் பூபதி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி வரும். "அப்படின்னா ஏன் விட்டுட்டு வந்தீங்க?" பூவைச் சொல்ல வேண்டும், உளியைத் திரும்பச் சாக்கில் போட்டதைச் சொல்ல வேண்டும். பெயிண்ட் பூசிவிட்டார்கள் என்றும் சொல்ல வேண்டும், அதுவும் அருளிடம்.

சன்னலோரம் மேசையை இறக்கினார்கள். ஒரு கால் ஆடியது. பூபதி ஒரு காகிதத்தை நாலாக மடித்து அடியில் செருகி, கையால் அழுத்திப் பார்த்தார். ஆடவில்லை. "தேங்க்ஸுங்ணா" என்று சொல்லிவிட்டு அருள் படத்தைத் தூக்கி அதன்மேல் நிறுத்தினார். வெளிச்சம் விழுந்ததும் கூட்டம் இன்னும் நெருங்கியது. வழி விட்டு ஒதுங்கிய பூபதி கதவுவரை வந்தார். அப்படியே வெளியே போனார்.