கிருமி தின்னியும் ஜலகண்டாபுரத்துக் கிணறும்

கண்ணுக்குத் தெரியாததைத் தேடுவதற்கே சம்பளம் வாங்கும் பிழைப்பு எங்களுடையது. அறுபதுகளின் தொடக்கத்தில் சேலத்தில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளனாக இருந்தேன். சாராய விளக்கின் முன் மூச்சை அடக்கி உட்கார்ந்த சகபாடிகளே, நம் கஷ்டம் வீட்டாருக்குப் புரியாது, உங்களுக்குப் புரியும்.

தெளிந்த குழாய்

சேர்ந்த புதிதில் காலராக் கிருமி வளர்ந்த கண்ணாடிக் குழாய் ஒன்று என் மேசையில் இருந்தது. கஞ்சித் தண்ணீர்போல் கலங்கியிருந்தது. காலையில் கூடத்துக்குத் தலைமையான டாக்டரம்மா அதில் எதையோ ஒரு சொட்டு விட்டார். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், தண்ணீர் பளிங்காய்த் தெளிந்து கிடக்கிறது. யாரும் தொடவில்லை. அத்தனை கோடி உயிரும் சத்தமில்லாமல் போயிருந்தன.

என்ன விட்டீர்கள் என்று கேட்டேன். "கிருமி தின்னி. கிருமிக்கே தொத்துற வைரஸ். ஆனா அதுக்கு வாயே கிடையாது" என்றார்.

வாசலில் நிற்கும் சட்டை

வாயில்லாமல் எப்படித் தின்னும் என்று நச்சரித்தேன். அதன் வால் நுனியில் ஒரு புரதம் இருக்கிறதாம். அது கிருமியின் தோலைத் தடவிப் பார்க்கும். தன் இரைதான் என்றால் ஒட்டிக்கொள்ளும். உள்ளே இறங்குவது அதன் வித்தான ஒரு சரடு மட்டும். மேலே போர்த்திய புரதச் சட்டை வெறும் கூடாக வெளியிலேயே நிற்கும். உள்ளே போனது பலவாகப் பெருகிய பிறகு, இன்னொரு புரதம் கிருமியின் சுவரை உள்ளிருந்தே கரைத்துவிடும். அன்று என் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டவே எனக்குப் பயமாக இருந்தது.

டாக்டரம்மா சிரித்துவிட்டு, "இரை இல்லாத இடத்துல இது பெருகாது. இதைப் பாத்தா, இரையும் பக்கத்துலதான் இருக்கு" என்றார்.

ஓட்டை விழுந்த தட்டு

ஒரு கோடையில் ஜலகண்டாபுரத்தில் காலரா வந்து போயிற்று. அதற்காக மூடி வைத்த வீதிக் கிணற்றைத் திறக்கச் சொல்லி ஆறுமுகம் என்ற நெசவாளர் வந்து நின்றார். "எங்க வீதியில ஒருத்தருக்கும் ஒண்ணுமில்லீங்க சாமி. தண்ணியில்லாம பாவு நூலுக்குக் கஞ்சி போட முடியலீங்க" என்றார். பாவமாக இருந்தது. நானே போய்த் தண்ணீர் எடுத்துவந்தேன். சோதித்ததில் கிருமி இல்லை. திறந்துவிடலாம் என்று எனக்குச் சந்தோஷம்.

டாக்டரம்மாவுக்குத் திருப்தி இல்லை. காலராக் கிருமி பரப்பிய தட்டில் அந்தத் தண்ணீரை வடிகட்டிச் சொட்டுவிடச் சொன்னார். மறுநாள் தட்டில் படர்ந்த கிருமியெங்கும் பூச்சி அரித்த துணிபோல ஓட்டை. அவர் உடனே ஜீப்பை எடுக்கச் சொன்னார். "தின்னி இருக்கு. அந்த வீதியில யாரோ படுத்திருக்காங்க."

சாத்திய கதவு

ஜீப்பைப் பார்த்ததும் வீதியே வெளியே வந்தது. ஒரு கதவு மட்டும் சாத்திக்கொண்டது. ஆறுமுகத்தின் வீடு. உள்ளே அவர் மனைவி பழனியம்மாள் கண் குழிந்து, விரல் சுருங்கிக் கிடந்தாள். தன் அண்ணனைக் காலராக் கொட்டகைக்குக் கொண்டுபோனவர்கள் திருப்பி அனுப்பவில்லை என்ற பயத்தில் ஆறுமுகம் அவளை மறைத்திருக்கிறார். அவள் துணிகளை ஆளில்லாத நேரம் பார்த்து, மூடியை விலக்கி நீர் இறைத்து அந்தக் கிணற்றடியிலேயே அலசியிருக்கிறார்; அந்த அழுக்கு நீர் கிணற்றில் இறங்கியிருக்கிறது.

டாக்டரம்மா அங்கேயே நரம்பில் உப்புநீர் ஏற்றினார். ஆறுமுகம் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். பொழுது சாய்வதற்குள் அவளுக்குக் குரல் வந்துவிட்டது. என்னை உற்றுப் பார்த்துக் கேட்டாள்: "எங்க ஊட்டுக்காரரு ஒருத்தருகிட்டயும் வாய் தொறக்கலீங்களே. உங்களுக்கு ஆருங்க சொன்னது?"

வாயில்லாத ஒன்றுதான் சொன்னது என்றால் என்னைத்தான் கொட்டகையில் போடுவார்கள் என்பதால், நானும் வாயைத் திறக்காமல் ஜீப்பில் ஏறிக்கொண்டேன்.