கோணலாகக் கோத்த ரப்பர் புழு

எனக்கு எழுத வராது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. பிழை இருக்கும், சொன்னதையே திரும்பவும் சொல்வேன், பாதி மறந்தும் போச்சு. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரருக்குத் தூண்டில் பைத்தியம். வெள்ளிக்கிழமை அஸர் தொழுத கையோடு மம்சார் கடற்கரைப் பக்கம் போய், அலைக்குப் போட்ட கல் கட்டின் மேல் உட்கார்ந்துவிடுவார். துபாய் தேராவில் கடை வைத்திருக்கும் எங்கள் ஊர் ஆட்கள் நாலு பேர் அங்கே வருவார்கள். பிடிப்பதெல்லாம் ஷேரி, சாஃபி என்று சின்ன மீன்கள்தான். எல்லாருடைய கண்ணும் களவாய் மீன் மேலே. அரபிகள் அதை ஹமூர் என்பார்கள். கல் இடுக்கில் கிடக்கும், லேசில் வராது.

மற்றவர்கள் தூண்டில் முள்ளில் இறால் குத்துவார்கள், உயிர் மத்தி குத்துவார்கள். இவர் மட்டும் ரப்பர் புழு. வாலும் கிடையாது, வாசனையும் கிடையாது. ஒரு சாண் நீளத்தில் நாவல்பழ நிறத்தில் வழவழவென்று இருக்கும். வாலிபத்தில் சவூதியில், அல் கோபாரில் ஓர் அமெரிக்கனுக்கு டிரைவராக இருந்தார். அந்த ஆள் தன் நாட்டுக் குளங்களில் பாஸ் என்கிற மீனை இந்தப் புழுவால்தான் பிடிப்பானாம். வேலை முடிந்து போகும்போது ஒரு பை நிறையக் கொடுத்துவிட்டுப் போனான். களவாயும் பாஸும் ஒரே சாதி என்பது இவர் கணக்கு. பிறகு தேராவில் வலையும் கயிறும் விற்கிற கடையில் வேலை பார்த்தபோது அதே மாதிரிப் புழுவைத் தேடித் தேடி வாங்கினார். இப்போது கடைகளில் வருவதெல்லாம் துடுப்பு வால் வைத்து மினுமினுக்கிற சாமான். அதை அவர் தொட மாட்டார்.

உயிரோடு குத்துவதையும் தொட மாட்டார். "ஒரு உசுர நோவிச்சு இன்னொரு உசுரப் பிடிக்கிறது மார்க்கத்துல ஆகாது" என்பார். புழுவுக்கும் வலிக்கும் என்று நினைக்கிற மனுசர். செத்த இறாலைக் குத்தலாமே என்று யாராவது சொன்னால், "அது நண்டுக்குப் போடுற பந்தி" என்று சிரிப்பார்.

அந்தப் புழுக்களை நான்தான் பார்த்துக்கொண்டேன். வந்த பையில் இல்லாமல் வேறு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டால் டப்பாவே இளகி ஒட்டிக்கொள்ளும். ஒரு தடவை அப்படி வைத்துவிட்டு நான் வாங்கிய ஏச்சு கொஞ்சமில்லை. பிய்ந்து போனால் ஊசியை அடுப்பில் காய்ச்சி இரண்டு நுனியையும் தொட்டு ஒட்டவைப்பேன். அவருக்குச் சர்க்கரையில் விரல் மரத்து, ஒரு பக்கம் லேசாக இழுத்தும் விட்டது. கிட்டத்தில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு முள்ளில் கோப்பதும் என் வேலை ஆனது. மடக்கு நாற்காலியில், ஆண்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கோத்துக் கோத்துக் கொடுப்பேன்.

முள்ளின் நுனியைப் புழுவின் தலையில் கொஞ்சம் இறக்கி, பக்கவாட்டில் வெளியே எடுத்து, திருப்பி, மறுபடி உடம்புக்குள் மறைக்க வேண்டும். முள் வெளியே தெரிந்தால் கல்லில் மாட்டும். புழு நேராக நிற்க வேண்டும், அதுதான் முக்கியம். கொஞ்சம் கோணினாலும் தண்ணீரில் பம்பரம் மாதிரிச் சுற்றும். வாளித் தண்ணீரில் போட்டு இழுத்துக் காட்டி, என் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தார். "மீனுக்குக் கண்ணு இருக்கு புள்ள, ஒனக்குத்தான் இல்ல."

நாங்கள் இங்கே மகனுடைய விசாவில்தான் இருக்கிறோம். அவனுக்கு வேலை போய்விட்டது. எல்லாருடைய விசாவும் கேன்சல், மாசம் முடிவதற்குள் ஊருக்குக் கிளம்ப வேண்டும். எங்களுக்கு மிச்சம் நாலு வெள்ளிக்கிழமை. முதல் வெள்ளியே அந்த நாலு பேரில் மசாலாக் கடைக்காரர் ஆரம்பித்தார். அவர்களுக்கு இவர் காக்கா, அண்ணன் மாதிரி.

"காக்காட புழுவுக்கு நம்மள விட வயசு கூட. மீனு வந்து சலாம் சொல்லிட்டுல்ல போவுது!"

"சிரிங்கடா. போறதுக்குள்ள ஒரு களவாய இந்தப் புழுவுல எடுத்துக் காட்டுறேன்."

"எடுக்கலன்னா?"

"இனி தூண்டிலத் தொட மாட்டேன். போதுமா?"

அவர் அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கடை வேலையும் இல்லை, வண்டி ஓட்டவும் முடியாது. ஊரில் போய் உட்கார்ந்தால் கல்ஃபில் என்ன செய்தாய் என்று நாலு பேர் கேட்பார்கள். அந்த ஒரு மீன்தான் அவருக்குப் பதில் என்று எனக்குப் புரிந்தது. எப்படியாவது கிடைத்துவிட வேண்டும் என்று நான்கூட அல்லாவிடம் துஆ கேட்டேன். அன்றைக்கு முதல் புழுவை அவ்வளவு நேராகக் கோத்தேன்.

மீன் கடிக்கவில்லை. சும்மா இருக்கும் நேரத்தில் பழைய கதை வந்தது.

"கோபார்ல ரூமுக்கு எட்டு பேரு. இவ லெட்டர் வந்தா அன்னைக்கு எங்களுக்கு சினிமா!" என்றார் இவர். "நான் கட்டில்ல ஏறி நின்னு வாசிப்பேன். ஒரு லெட்டர்ல எழுதிருக்கா, உங்க சட்டை ஒன்ன தொவைக்காம வச்சிருக்கேன், வாசம் போயிரக் கூடாதுன்னு. ரூமே உருண்டுச்சு. ஒருத்தன் எனக்குப் பேரே வச்சுட்டான், தொவைக்காத சட்டைன்னு!"

எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் என் பக்கம் காட்டி, "காக்கா, லாத்தா இருக்காங்க" என்றார்.

"இருக்கட்டுமே. அவளுக்கு இப்ப என்ன ரோசம்? ஏ புள்ள, அடுத்தத குடு."

சட்டை போகட்டும். அதே வருசத்தில் இன்னொரு கடிதமும் எழுதியிருந்தேன். வயிற்றில் ஏழு மாசத்தில் தங்காமல் போன பிள்ளையைப் பற்றி. மாமியாருக்குக்கூடச் சொல்லாததையெல்லாம், அவர் ஒருவர்தான் படிப்பார் என்று, நாலாம் வகுப்புத் தமிழில் இரண்டு பக்கம் எழுதினேன்.

கையில் இருந்த புழுவைப் பார்த்தேன். முள்ளை உருவி, ஒரு நெல் அளவு தள்ளிக் குத்தினேன். நுனி உள்ளேதான் இருந்தது. தடவிப் பார்த்தாலும் தெரியாது. கொடுத்தேன். வாங்கி, பெருவிரலால் தடவி, "ம்" என்றார்.

அதற்குப் பிறகு ஒன்றைக்கூட நான் நேராகக் கோக்கவில்லை.

இரண்டாம் வெள்ளி, புழு சுற்றிச் சுற்றித் தூண்டில் நரம்பு முறுக்கிக்கொண்டது. நரம்பு சுற்றுகிற ரீலைக் குறை சொன்னார். மூன்றாம் வெள்ளி ரீலையே மாற்றிக்கொண்டு வந்தார், மகனிடம் கேட்டு வாங்கி. அமெரிக்கன் சொன்ன மாதிரியே அடியில் விழ விட்டு, சும்மா இருந்து, தூண்டில் ராடை ஒரு சாண் தூக்கி, இறக்கி, மறுபடி சும்மா இருந்தார். மூன்று மணி நேரம் அப்படி. நான் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தேன். ஒவ்வொரு தடவை வெறும் புழு திரும்பி வரும்போதும் எனக்குள் என்னவோ குளிர்ந்தது. மனசு பதறவில்லை. பதறியது என்று எழுதினால் பொய்.

"காக்காக்குக் கை போச்சு" என்று மசாலாக் கடைக்காரர் மெதுவாகத்தான் சொன்னார். இவர் காதில் விழுந்தது. அன்றைக்கு வீட்டில் சாப்பிடவில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு வலது கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நான்காம் வெள்ளி, பொழுது சாயப் போகிற நேரம். அவருடைய பையில் கடைசிப் புழு. அதையும் கோத்தேன், அதுவும் சும்மா திரும்பி வந்தது. மசாலாக் கடைக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கேலி இல்லை. தன் வாளியிலிருந்து ஓர் உயிர் மத்தியை எடுத்து நீட்டினார்.

"காக்கா, ஒரே ஒரு தடவை. அல்லா மன்னிப்பான்."

இவர் அந்த மீனையே பார்த்தார். கடைக்காரர் கையில் அது துள்ளியது.

"வேணாங்க" என்று நான் சொல்லியிருக்கலாம். வாய்க்குள் நாக்கு இருந்தது, சொல்லவில்லை.

"குத்து புள்ள" என்றார்.

முதுகுப் பக்கமாகக் குத்தினேன். புழு மாதிரி இல்லை, எலும்பு நெரிகிற சத்தம் கேட்டது. வாய் திறந்து திறந்து மூடியது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இறக்கிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, ராடு வளைந்தது. நாலு பேரும் எழுந்து கத்தினார்கள். "விடாதீங்க காக்கா! கல்லுக்குள்ள போவ விடாதீங்க!" இருவர் அவர் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, அவரேதான் ரீலைச் சுற்றி இழுத்தார். களவாய். முழங்கைக்கு மேல் நீளம், உடம்பெல்லாம் செம்புள்ளி.

"மாஷா அல்லா! போட்டோ எடு, போட்டோ எடு!"

அவர் போட்டோவுக்கு நிற்கவில்லை. "யாராவது கொண்டு போங்க" என்றார். ராடை மசாலாக் கடைக்காரர் மடியில் வைத்துவிட்டு, தட்டுத் தடுமாறி என் நாற்காலிப் பக்கம் வந்தார். அப்படி அவர் என்னைத் தேடி வந்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து, மகனும் மருமகளும் பெட்டி கட்டுகிற அறையில் இருக்கும்போது, கட்டிலில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"புழு சரியாத்தானே இருந்துச்சு? நீ பாத்துத்தானே கோத்த?"

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் வந்தது வேறு.

"அந்தப் பிள்ள போனத எழுதியிருந்தேனே. அதையும் கட்டில்ல ஏறி நின்னா வாசிச்சீங்க?"

அவருக்கு முதலில் புரியவில்லை. நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "எந்த லெட்டரு? எல்லாத்தையுந்தான் வாசிச்சேன். அதுக்கு என்ன இப்ப? புழுவக் கேட்டா..."

"புழு நேராத்தான் இருந்துச்சு" என்றேன். "உங்க கைதான் நடுங்குது. இனிமே அது ஆவாது."

அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு தண்ணீர் டம்ளரைக்கூட வலது கையால் எடுப்பதில்லை. இடது கையால் பிடித்துக் கொட்டிக்கொள்கிறார். நான் துடைத்துவிடுகிறேன். விமானத்துக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.

இதில் எல்லாம் சரிதானா என்று எனக்குத் தெரியாது. மம்சார் கல் கட்டு துபாய்ப் பக்கமா ஷார்ஜாப் பக்கமா என்று மகனிடம் கேட்டால் ஏன் என்பான். பாஸும் களவாயும் ஒரு சாதிதானா, செம்புள்ளி இருந்தால் அது களவாய்தானா, மீன் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். உயிரோடு குத்தினால் குற்றம் குத்தச் சொன்னவருக்கா, குத்தினவளுக்கா என்று மார்க்கம் படித்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்தி எழுதினால் நல்லது.