என் பேரில் அவள் செய்த பொருத்தனை

எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலத்தில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. மட்டாஞ்சேரியில் மஞ்சள் மூட்டைகளுக்குக் குறி போடுகிற வேலை என்னுடையது. வேறு எந்த நிறத்தில் எனக்கு நோய் வரும் என்று எல்லோரிடமும் கேட்டுச் சிரித்தேன். மூன்றாம் நாள் சிரிக்கத் தெம்பில்லை. எர்ணாகுளத்தில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுருண்டுவிட்டேன்.

அங்கே வைத்துத்தான் என் மனைவி அதைச் சொன்னாள். மற்ற வீட்டுப் பெண்கள் உபவாசம் இருக்கிறேன், காணிக்கை போடுகிறேன் என்று தங்கள் கையில் இருப்பதைக் கொடுத்துப் பொருத்தனை செய்வார்கள். இவள் என்னையே கொடுத்துவிட்டாள். ஆண்டவர் சுகம் தந்தால், ஒரே வருஷத்தில் என் புருஷன் வேதாகமத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்து முடிப்பார் என்று. நான் பேசாமல் கிடந்தேன்.

சுகம் கிடைத்தது. மாட்டிக்கொண்டேன்.

அதுவரை நான் ஞாயிறுதோறும் வேதாகமத்தைக் கோவிலுக்குத் தூக்கிப் போய் அப்படியே தூக்கி வருகிற ஆள். பள்ளியில் படித்தது மலையாளம்; தமிழ் வீட்டில் ஒட்டிக்கொண்டது. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். தினம் மூன்று அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்பது எங்கள் ஆட்களின் பழைய கணக்கு. அப்படி வாசித்தால் வருஷத்தில் முடிந்துவிடும். வாசிக்காவிட்டால்? கொடுத்த சுகத்தை ஆண்டவர் திரும்பக் கேட்க மாட்டாரா? 

அதனால் படகில் வாசிக்க ஆரம்பித்தேன். எர்ணாகுளம் படகுத்துறையிலிருந்து மட்டாஞ்சேரிக்குப் போகும்போது இரண்டு, திரும்பும்போது ஒன்று. ஞாயிறு ஐந்துக்காக, வேலை இல்லாமலே ஒருமுறை படகேறிப் போய் வருவேன். அதே படகில் தினமும் என்னோடு அரட்டையடித்து வந்த கூட்டம் முதல் வாரம் எனக்கு உபதேசியார் என்று பேர் வைத்தது. இரண்டாம் வாரம், எங்கள் பாவங்களையும் சேர்த்து வாசித்துவிடு என்று என்னை விட்டுவிட்டது. காயல் காற்று மெல்லிய தாள்களைப் புரட்டி, ஆபிரகாமிலிருந்து நேராக மோசேயிடம் என்னைக் கொண்டுபோய் விடும். நான் யோக்கியமாகத் திரும்பி வருவேன். வம்ச வரலாறு வந்தால் மட்டும் யோக்கியம் கொஞ்சம் தளரும். பெயர்களைத் தாண்டிவிட்டு, இது கணக்கில் சேருமா சேராதா என்று இறங்குகிற வரை வேர்த்துக்கொண்டிருப்பேன்.

ஓணம் நெருங்கும்போது படகுக்காரர்கள் சமரம் என்று வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். மூன்று நாள் பஸ். கம்பியில் தொங்குகிறவன் எந்தக் கையால் புத்தகத்தைப் பிடிப்பது? வீட்டில் வாசித்திருக்கலாம். படகு ஆடாமல் எனக்கு வாசிப்பு ஓடவில்லை என்பதுதான் வெட்கக்கேடு. ஒன்பது அதிகாரம் பாக்கி விழுந்தது.

நான்காம் நாள் காலையில், படகு ஓடாதா என்ற கவலையோடு மூட்டைகளுக்கு நடுவே நின்று நகத்தைப் பார்த்தேன். மஞ்சள். உள்ளங்கை மஞ்சள். முழங்கைவரை மஞ்சள். வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். எங்கள் கிடங்கில் தராசு பார்க்கிற பாலக்காட்டு ராவுத்தரை வாசலுக்கு இழுத்துப்போய், வெளிச்சத்தில் கண்ணிமையை விரித்துக் காட்டினேன். அவர் தம் சாயாவை நிதானமாகக் குடித்து முடித்தார்.

“அண்ணாச்சி, இந்தக் கிடங்குல எலிகூட மஞ்சளாத்தான் ஓடுது. அதையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவீங்களா?”

கண்ணைப் பற்றிச் சொல்லுங்கள் என்றேன்.

“கண்ணு வெளுப்பு. மூளையிலதான் லேசா மஞ்சப் பூத்திருக்கு.”

பொருத்தனை விஷயத்தை அவரிடம் ஒப்பித்தேன். அவர் அதற்குச் சிரிக்கவில்லை. வாக்கு வாக்குத்தான், போய்ப் படியுங்கள் என்று சொல்லித் தராசுக்குத் திரும்பினார்.

அன்று சாயங்காலம் படகு ஓடியது. பயத்தில் ஒரு பெயரைக்கூட விடாமல் வாசித்தேன். எண்ணாகமம் முப்பதாம் அதிகாரத்துக்கு வந்தபோது எழுந்தே நின்றுவிட்டேன். மனைவி ஒரு பொருத்தனை செய்தால், கணவன் அதைக் கேட்ட அன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அது செல்லாது என்று அங்கே சட்டம் இருக்கிறது. பேசாமல் இருந்துவிட்டால் நிலைத்துவிடும். ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தை! வேதாகமத்தை முன்னமே வாசித்திருந்தால் வேதாகமத்தை வாசிக்காமல் தப்பியிருக்கலாம்.

வீட்டுக்குப் போனதும், கப்பைக்கிழங்குத் தோலை உரித்துக்கொண்டிருந்தவளிடம் அந்தப் பக்கத்தை நீட்டினேன். அன்றைக்கே நான் மறுத்திருந்தால் உன் பொருத்தனை அன்றைக்கே முடிந்திருக்கும், தெரியுமா என்று வக்கீல் மாதிரி கேட்டேன்.

“தெரியும் அத்தான். அதனாலதான் நர்ஸ் உங்க வாயில தர்மாமீட்டரு வெச்சிட்டுப் போற வரைக்கும் காத்திருந்தேன்.”

அவள் அடுத்த கப்பையை எடுத்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

“ஒரு வாரம் நீங்க ஒரு கேலி பேசல. கெழவன் மாதிரி சுவரப் பாத்துக் கெடந்தீங்க. அப்பவே செத்துட்டீங்களோன்னு இருந்துச்சு எனக்கு. ஒரு வருஷத்துக்கு உங்களுக்கு வேலை குடுத்தா, ஒரு வருஷம் இருப்பீங்கல்ல.”

பயந்துகொண்டிருந்தது நான் ஒருத்தன்தான் என்று நினைத்திருந்தேன். அடுக்களை வாசற்படியில் உட்கார்ந்து, பாக்கியில் கொஞ்சமாவது தீர்ப்போம் என்று முப்பத்தொன்றாம் அதிகாரத்திலிருந்து அவளுக்குக் கேட்கும்படி வாசித்தேன். படகில்லாமல் வாசித்தது அதுதான் முதல் தடவை. முப்பத்துமூன்றில் இஸ்ரவேலர் பாளயமிறங்கிய இடங்கள் வரிசையாக வந்தன. புறப்பட்டார்கள், இறங்கினார்கள், புறப்பட்டார்கள். நான் வேகம் பிடித்தேன்.

கிழங்கு சீவிய கத்தி நின்றது.

“மெதுவா அத்தான். நாப்பது வருஷம் நடந்திருக்காங்க, பாவம்.”

பக்கத்தின் மேலே விரலைக் கொண்டுபோய், முதல் ஊரிலிருந்து மறுபடி தொடங்கினேன்.