எழில்மதி வாங்கிய எம்.பி.த்ரீ

வடக்கனந்தலில் எழில்மதியின் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம், அவள் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயின் சத்தத்தைக் கேட்காதவர்கள் கிடையாது. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், சாவு என்று எல்லாவற்றுக்கும் அவள் மைக்செட்தான் போகும். உண்மையில் அது அவள் புருஷன் கலையரசனுடைய மைக்செட். ஐந்து வருடத்துக்கு முன்பு புளியமரத்தில் குழாய் கட்டும்போது விழுந்து அவனுக்கு இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அதுவரை கரும்பு வெட்டவும் களை எடுக்கவும் போய்க்கொண்டிருந்தவள், ஒப்புக்கொண்ட வேலை பாக்கி இருக்கிறதே என்று, சேலைக்கு மேலே அவனுடைய பழைய சட்டையை மாட்டிக்கொண்டு மரமேறினாள். ஊரே கீழே நின்று வேடிக்கை பார்த்தது. ஒருத்தன்கூட ஏணியைப் பிடிக்கவில்லை. அதை அவள் மறக்கவில்லை, மறக்க வேண்டிய அவசியமும் இல்லை.

வசதி உள்ளவர்கள் கல்யாணத்துக்கு நாதஸ்வரக்காரர்களை வைத்துக்கொள்வார்கள். கூலி வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் அந்தப் பொறுப்பும் மைக்செட் தலையில்தான் விழும். பெரியவர் கையைத் தூக்கி "கெட்டிமேளம்" என்றதும், பதிவு செய்து வைத்திருக்கும் மேளத்தை ஓடவிட வேண்டும். ஒன்றரை நிமிட மேளம். அது அலங்காரத்துக்கு இல்லை. தாலி ஏறும்போது தும்மலோ அழுகையோ வேண்டாத பேச்சோ யார் காதிலும் விழக் கூடாது. அதையெல்லாம் அமுக்கத்தான் அந்தச் சத்தம்.

போன வருடம் ஆவணியில் இருசப்பன் மகள் தேவதர்ஷினிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பெயர் தமிழழகன். எழில்மதி வழக்கம்போலச் செல்போனில்தான் மேளத்தை ஓடவிட்டாள். எப்போதும் அதை ப்ளைட் மோடில் போட்டுவிடுவாள், அன்றைக்கு மறந்துவிட்டாள். முதல் முடிச்சு விழுகிற நேரத்தில் யாரோ போன் செய்தார்கள். மேளம் டக்கென்று நின்றது. பந்தலில் ஈ பறந்தால் கேட்கும். அந்த அமைதியில் பின்வரிசையில் ஒருவர் தும்மினார். ஒற்றைத் தும்மல்.

நாற்பதாம் நாள் தமிழழகன் கல்வராயன் மலை ரோட்டில் பைக்கோடு பள்ளத்தில் விழுந்து செத்துப்போனான்.

தும்மியது யார் என்று ஒருவரும் தேடவில்லை. எழில்மதியைத் தேடுவது சுலபம், அவள் பெயர்தான் ஆம்ப்ளிஃபயர் பெட்டியிலேயே பெயிண்டில் எழுதியிருக்கிறதே. "அவ வுட்ட மேளம் பாதியில நின்னுச்சு, அவன் ஆயுசும் பாதியில நின்னுச்சு" என்று பஸ் ஸ்டாண்டில் அவள் காதுபடவே பேசினார்கள். ஐப்பசியில் மூன்று கல்யாணம் கைநழுவிப் போனது. அதற்கப்புறம் சாவு வீட்டுக்காரர்கள் மட்டும் கூப்பிட்டார்கள். இதில் கொடுமை என்னவென்றால், ஊர் சொன்னதை அவளும் பாதி நம்பினாள். ஒரு பட்டனைத் தட்ட மறந்ததால் ஒரு பெண்ணின் தாலி போயிற்று என்கிற நினைப்பு சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இந்தத் தை பிறந்ததும் இருசப்பன் அவள் வாசலுக்கு வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"பொண்ணுக்கு மறுபடியும் பண்றோம். அய்யப்பன்னு, மலையில இருந்து மரவள்ளி லோடு எறக்குற வண்டி ஓட்டுற பையன். மைக்செட்டு உன்னுதுதான் வரணும்னு பொண்ணு ஒத்தக் கால்ல நிக்குது. எனக்கு துளிகூட இஷ்டம் இல்ல."

எழில்மதி கேட்டாள், "ஏன்ணா என்னிய கேக்குது?"

"கேட்டா சொல்ல மாட்டேங்குது. இத பாரு எழிலு, இந்த வாட்டியும் சத்தம் நின்னுச்சுன்னா நான் மனுசனா இருக்க மாட்டன். உன் பெட்டி ஒண்ணுகூட வூடு திரும்பாது. செல்போனு பந்தலுக்குள்ள வரவே கூடாது."

அவர் போன பிறகு கலையரசன் உள்ளேயிருந்து, "வேணான்னு சொல்லிடு" என்றான். அவள் மணிபர்ஸை எடுத்து இடுப்பில் சொருகினாள்.

கள்ளக்குறிச்சியில் அஜித்குமாரின் மொபைல் கடைக்குப் போகும்போது கையில் ஒரு பை. அதில் மேளம் ஏற்றிய மெமரி கார்டு, ஒயர், சின்ன ஸ்பீக்கர் பெட்டி எல்லாம் இருந்தன. பாட்டு மட்டும் ஓடுகிற, போன் இல்லாத ஒரு சாமான் வேண்டும் என்றாள்.

"இந்தக் காலத்துல எம்.பி.த்ரீ யாருக்கா வாங்குறாங்க? போன ப்ளைட் மோடுல போட்டா முடிஞ்சிது."

"அதுல அலாரம் அடிக்கும். நான் மறந்தும் போவன். நீ எடுத்துப் போடு."

அவன் தூசி தட்டி மூன்றை எடுத்து வைத்தான். மூன்றுமே விலை குறைந்தவை, பெயர் கேள்விப்படாதவை. முதலாவது பார்க்க அழகு, கலர் ஸ்கிரீன். எழில்மதி அதை ஸ்பீக்கரில் மாட்டி, ஸ்கிரீன் அணையும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்து, அப்புறம் பட்டனை அழுத்தினாள். வெளிச்சம்தான் வந்தது. மேளம் வர இன்னொரு தடவை அழுத்த வேண்டியிருந்தது. பதற்றத்தில் மூன்றாவது தடவையும் அழுத்தினால் நின்றுபோகும். "இது வேணாம்." இரண்டாவது ஒரே அழுத்தில் ஓடியது, ஆனால் ஸ்பீக்கரில் மாட்டினால் பின்னால் 'கொய்ங்' என்று ஓர் இரைச்சல். "இதுவும் வேணாம்." மூன்றாவதில் ஸ்கிரீனே இல்லை. தீப்பெட்டி அளவு, நாலு பட்டன், ஓர் ஓரத்தில் சிவப்பு லைட். அழுத்திய மறுநொடி மேளம் வந்தது. இருபது தடவை அழுத்தினாள், இருபது தடவையும் வந்தது. கடைக்கு வந்தவர்களெல்லாம் யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார்கள். அஜித்குமார் கையெடுத்துக் கும்பிட்டான்.

"போதும்க்கா. நல்ல பீஸு. எடுத்துக்கினு போங்க."

கடையில் தெரியாத குணமெல்லாம் வீட்டில்தான் தெரியவரும். ஒரு நாள் முழுக்க அதை ஓடவிட்டு, கலையரசனிடம் கடிகாரத்தைக் கொடுத்து உட்கார வைத்தாள். பதினோரு மணி நேரம் ஒழுங்காக ஓடிய பிறகு, பாட்டுக்கு நடுவில் ஒரு பெண் இங்கிலீஷில் "பேட்டரி லோ" என்றாள். கிளிப்பேச்சு மாதிரி இனிமையான குரல். தாலி கட்டும்போது அவள் வாயைத் திறந்தால் என்ன ஆகும்? இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் என்று மூன்று தடவை சொல்லிவிட்டு, அது தானாகவே அணைந்தது. இன்னொன்றும் தெரிந்தது. சார்ஜ் ஒயரைச் சொருகினால் மேளம் ஓடாது. ஒயரைப் பிடுங்கினாலும், அணைத்துவிட்டு ஆன் செய்தாலும் அது விழித்துக்கொள்ள ஒன்பது வினாடி ஆகும். கலையரசன் நாலு முறை எண்ணிப் பார்த்தும் அதே ஒன்பதுதான்.

"சார்ஜு ஃபுல்லா போட்டுக்கினு போ. அதுல கைய வெக்காத. அவ்ளோதான்" என்றான்.

அவள் கை வைக்கவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய தப்பைச் செய்தாள். ஒன்பது வினாடி பயத்தில், முந்தின நாள் சாயங்காலமே அதை ஆன் செய்து, அணைக்காமல் ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலேயே வைத்துவிட்டாள். எந்த நேரத்திலும் தயாராக இருக்கட்டும் என்று. சும்மா இருந்தாலும் அது பேட்டரியைத் தின்னும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

கச்சிராயபாளையம் தாண்டி, கரும்புத் தோட்டத்தை ஒட்டிய தெரு. இருசப்பன் வீட்டு வாசலில் பந்தல், பின்னால் மலை. மறுகல்யாணம் என்று பாதிச் சொந்தம் வரவில்லை. வந்தவர்களும் தேவதர்ஷினியைப் பார்த்ததைவிட எழில்மதியைத்தான் அதிகம் பார்த்தார்கள். மற்ற பாட்டையெல்லாம் ஆம்ப்ளிஃபயரில் பென்டிரைவ் சொருகிப் போட்டுக்கொண்டிருந்தாள். அது ஒரு பாட்டைத் தேடிப் பிடிக்கவே அரை நிமிடம் எடுக்கும், மேளத்துக்கு ஆகாது. மாப்பிள்ளை அய்யப்பன் மணையில் உட்கார்ந்தான். தாலியைத் தட்டில் வைத்து இருசப்பன் ஆசி வாங்கக் கூட்டத்துக்குள் கொண்டுபோனார். கடைசியாக ஒருமுறை சரிபார்க்கலாம் என்று எம்.பி.த்ரீயில் இயர்போனை மாட்டிக் காதில் வைத்தாள்.

"பேட்டரி லோ" என்றாள் அந்தப் பெண்.

எத்தனையாவது தடவை சொல்கிறாள்? முதலாவதா, மூன்றாவதா? பையைக் கொட்டினாள். சார்ஜ் ஒயர் இருந்தது, சொருகுகிற அடாப்டர் இல்லை. ஆம்ப்ளிஃபயரில் பென்டிரைவ் சொருகியிருந்த ஓட்டை கண்ணில் பட்டது. அதில் மின்சாரம் வரும். யோசிக்க நேரமில்லை. பென்டிரைவைப் பிடுங்கினாள், ஒயரைச் சொருகினாள். சிவப்பு லைட் எரிந்தது. பாட்டு நின்றது.

பந்தல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இருசப்பன் தட்டை யாரிடமோ கொடுத்துவிட்டு நேராக வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியபடி வந்தார்.

"இன்னா ஆச்சு?"

பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். வந்தது உண்மை. "சார்ஜு எறங்கிட்ச்சுணா. என் தப்புதான். அஞ்சு நிமிசம் குடுத்தா போதும். சத்தியமா ஓடும்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். சிவப்பு லைட்டைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. திரும்பிப் போய்த் தட்டை வாங்கிக்கொண்டார். முன்வரிசையில் முடிந்துவிட்ட ஆசியை முதலிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, தொட்டுக் கும்பிடும்வரை நகரவில்லை. பின்வரிசைக்குப் போனார். பந்தலுக்கு வெளியே நின்றிருந்த டிரைவர்களிடம் போனார். அப்புறம் வீட்டைச் சுற்றிக்கொண்டு, சாம்பார் கிளறிக்கொண்டிருந்த சமையல்காரர்களிடமும் தட்டை நீட்டினார். "இன்னா இருசப்பன், நேரம் ஆவுது" என்று மணமேடையில் இருந்த பெரியவர் மாயவன் குரல் கொடுத்தார். "எல்லாரும் வாழ்த்தட்டும்ங்க" என்றார் இருசப்பன். மனுஷன் அன்றைக்கு நடந்த நடைக்கு எழில்மதி சாகும்வரை அவருக்குக் கடன்பட்டவள்.

தட்டு மேடைக்குத் திரும்பியது. எழில்மதி ஒயரைப் பிடுங்கி, எம்.பி.த்ரீயை ஆம்ப்ளிஃபயரில் மாட்டினாள். ஒன்று. இரண்டு. மாயவன் தாலியை எடுத்து அய்யப்பன் கையில் கொடுத்தார். நான்கு. ஐந்து. அய்யப்பன் குனிந்தான். ஏழு. மாயவன் கையைத் தூக்கினார்.

"கெட்டிமேளம்!"

எட்டு. எத்தனை நீளமான வினாடி அது. ஒன்பது. அழுத்தினாள்.

குழாய் இரண்டும் ஒரே சமயத்தில் அதிர்ந்தன. மேளமும் நாதஸ்வரமும் தெருவைத் தாண்டிக் கரும்புத் தோட்டம்வரை போயின. முதல் முடிச்சு. இரண்டாவது வரிசையில் ஒருவர் மூக்கைச் சுளித்து, தலையை ஆட்டித் தும்மினார். கண்ணால் பார்த்தாள், காதில் ஒன்றும் விழவில்லை, பக்கத்தில் இருந்தவர்களும் திரும்பவில்லை. இரண்டாம் முடிச்சு. மாப்பிள்ளையின் அக்கா மூன்றாம் முடிச்சைப் போட்டாள். எழில்மதி மேளம் முடிந்ததும் அமுக்கிவிட, விரலைச் சத்தம் குறைக்கும் திருகின்மேல் வைத்துக் காத்திருந்தாள். அரிசி பறந்தது. மேளம் முழுசாக ஓடி முடிந்தது.

அவள் திருகைத் திருப்புவதற்குள் இரண்டு குழாயும் சேர்ந்து ஊருக்கே கேட்கும்படி, "பேட்டரி லோ" என்றன.

யாரோ, "மாப்பிள்ளைக்கா, பொண்ணுக்கா?" என்று கேட்டார். பந்தல் குலுங்கச் சிரித்தது. இருசப்பனும் சிரித்தார், சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தார். எழில்மதி ஆம்ப்ளிஃபயர் மறைவில் குந்தி உட்கார்ந்து, சத்தம் வராமல் அழுது தீர்த்தாள்.

சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது தேவதர்ஷினி மாலையோடு அவளைத் தேடிக்கொண்டு வந்தாள்.

"சாப்டீங்களாக்கா?"

"அப்பறம் சாப்புடுறன். ஏம்மே, ஊரே வேணான்னுச்சு. நீ ஏன் என்னிய கூப்புட்ட?"

தேவதர்ஷினி பக்கத்தில் ஒரு சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் மாலையிலிருந்து உதிர்ந்த பூவைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு மேளம் நின்னுச்சில்ல, அப்ப அவரு என் காதாண்ட குனிஞ்சிகினு இருந்தாரு. 'எனுக்கு கை நடுங்குது, நீ சிரிச்சிடாத'ன்னாரு. எனுக்கு மட்டும்தான் கேட்டுச்சு. நாப்பது நாள்ல அவரு எவ்ளோ பேசினாரு, எல்லாம் மறந்துகினே வருது. இது மட்டும் அவரு கொரலோடவே இருக்குது. மேளம் ஓடியிருந்தா அதுவும் கெடச்சிருக்காது. ஊரு உங்கள இன்னா இன்னாவோ சொல்லும்போது எனுக்கு வவுறு எரியும்க்கா. இத யாராண்ட போய் சொல்றது?"

இத்தனை மாதமாக எழில்மதியின் நெஞ்சில் கிடந்த கல் புரண்டது. இறங்கியதா, இன்னும் கனத்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

"இன்னிக்கு இவரும் ஏதோ சொன்னாரு" என்றாள் தேவதர்ஷினி. "உதடு அசைஞ்சிது. உங்க மேளத்துல ஒண்ணும் கேக்கல."

"அய்யோ" என்றாள் எழில்மதி.

"பரவாயில்லக்கா. அவராண்டயே போயி கேட்டுக்கறன்."

அவள் எழுந்து, சேலையை உதறிவிட்டு, அய்யப்பன் உட்கார்ந்திருந்த பந்தியைப் பார்த்து நடந்தாள். எழில்மதி பென்டிரைவை எடுத்துத் திரும்பச் சொருகப் போனாள். பிறகு அந்த யோசனையை விட்டுவிட்டு, அவர்கள் இரண்டு பேரும் பேசி முடிக்கும்வரை பாட்டே போடாமல் இருந்தாள்.