மாரிகுப்பத்தில் ஹார்ன் அடித்த பிறகு

ஞாயிறு, பிற்பகல்

கிருஷ்ணராஜபுரத்தில் மாரிகுப்பம் ரயில் ஏறினேன். ஒரு தோளில் துணிப்பை, மறு கையில் என் எட்டு வயது மகள் மைத்ரி. கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்து அவள் தலையில் மாட்டிக்கொண்டு வந்த நீல நிற சைக்கிள் ஹெல்மெட்டைத்தான் பெட்டியில் எல்லாரும் பார்த்தார்கள்.

"இன்னா பாப்பா, ட்ரெயினையே ஓட்டப் போறியா?" என்றார் எதிர் இருக்கைக்காரர். அந்த 'இன்னா'விலேயே அவர் கோலார் தங்கவயல்காரர் என்று தெரிந்துவிட்டது.

"இல்ல அங்கிள். நாளைக்கு சைக்கிள் ஓட்டப் போறேன். ரோட்ல." கடைசி வார்த்தையை அவள் அழுத்திச் சொன்னாள்.

"இன்னும் முடிவாகல" என்றேன் நான்.

முடிவாகாததற்குக் காரணம் நான்தான். பெங்களூரில் எங்கள் பகுதிப் பெற்றோர் சிலர் சேர்ந்து, பிள்ளைகள் பள்ளிக்குச் சைக்கிளில் போகப் பாதை கேட்டு அலைந்தோம். மனு எழுதுவது என் வேலை. கடைசியில் சாலையோரம் பச்சை வண்ணத்தில் ஒரு பட்டை அடித்துக் கொடுத்தார்கள். இப்போது அதில் கார்கள் நிற்கின்றன. இத்தனை பேசிய நான் மைத்ரியை இதுவரை அடுக்ககத்தின் வாகன நிறுத்தத்தைத் தாண்டி ஓட்ட விட்டதில்லை. தூண்களைச் சுற்றிச் சுற்றி ஓட்டியே அவள் சைக்கிள் பழகினாள்.

என் கணவரின் தங்கை கௌதமி தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் பகுதியில் இருக்கிறாள். தனியார் மருத்துவமனை ஒன்றில் நர்ஸ், போக வர சைக்கிள்தான். போன வருஷ மழைக்காலத்தில், காலை நேரத்தில் ஒரு பைக் இடித்து இடது மணிக்கட்டில் தகடு வைக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு அவளும் அக்கம்பக்கத்துப் பெண்களும் ஸ்டேஷன் ரோட்டுக்கு வேகத்தடை கேட்டு நடந்தார்கள். ஓர் அலுவலகத்தில், சாலை எங்களுடையதல்ல என்றார்கள். இன்னொன்றிலும் அதையே சொன்னார்கள். கௌதமி போனில் புலம்பியபோது நான், "நாங்க ஒருதடவை ரோட்டை அடைச்சு வரிசையா, மெதுவா சைக்கிள் ஓட்டினோம்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். நாங்கள் ஓட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெறிச்சோடிய தெருவில், முன்னால் போலீஸ் வண்டி போக. அதைச் சொல்வதற்குள் அவள் போனை வைத்துவிட்டாள். மறுநாள் அழைத்தாள். "அண்ணி, தசரா லீவுல ஒரு திங்கக்கெழம வெச்சுட்டோம். நீங்க வந்துடுங்க. மைத்ரியையும் இட்டுனு வாங்க."

என் கணவரிடம் கேட்டேன். "உன் இஷ்டம்" என்றார். அதைக் கேட்டால் எனக்குத் தூக்கம் வராது என்று அவருக்குத் தெரியும்.

டிக்கெட் மலிவு, டவுன் பஸ்ஸில் இரண்டு தடவை போய்வரும் காசுகூட ஆகவில்லை. மாலூர், டேக்கல் தாண்டி பங்காருப்பேட்டையில் ரயில் நெடுநேரம் நின்றது. அங்கிருந்து கிளை பிரிந்து பதினாறு கிலோமீட்டர்போல ஓடி, மாரிகுப்பத்தில் தண்டவாளம் முடிகிறது. ஊரிகம் நெருங்கும்போது வலப்பக்கம் சாம்பல் நிற மேடுகள் எழுந்தன. மைத்ரி, "பீச்சா அம்மா?" என்றாள். பொன் பிரித்தபின் கொட்டிய மண் அது. ஊரில் சயனைடு மேடு என்பார்கள். பெயரைக் கேட்டதும் நான் ஜன்னலை இறக்கினேன். எதிர் இருக்கைக்காரர் சிரித்தார். "அம்பது வருசமா அந்தக் காத்தத்தான் குடிக்கிறோம், இன்னாம்மா ஆயிடுச்சு?" என்றவர், ஜன்னலைத் திறக்கவும் இல்லை.

ஞாயிறு, மாலை

சாம்பியன் நிலையத்துக்குக் கௌதமி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். அவள் வீட்டுக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நடந்தே போனோம். நான் சாலையை அளந்துகொண்டே வந்தேன். இரண்டு கார்கள் உரசாமல் போகும் அகலம், ஓரத்தில் சரளை. வரிசை வீடுகளைத் தாண்டி ஒரு வளைவு. வளைவில் ஒரு டீக்கடை, எதிரே முட்செடி. ஒரு ஆடு, இரண்டு சைக்கிள்கள், சீருடையில் ஒரு பெண். அவ்வளவுதான் போக்குவரத்து.

"இந்த ரோட்டுக்கா வேகத்தடை?" என்று கேட்டேவிட்டேன்.

"இப்ப பாத்தா அப்படித்தான் அண்ணி. ஹார்னுக்கு அப்பால பாருங்க."

அவள் சொன்ன பிறகுதான் புரிந்தது. காலை ரயில் மாரிகுப்பத்தில் புறப்படும்போது ஹார்ன் அடிக்கும். அடுத்த நிலையம் சாம்பியன். நடுவே மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. ஊரில் யாரும் கடிகாரம் பார்த்துக் கிளம்புவதில்லை. சுரங்கம் இருந்தவரை ஷிப்ட் சங்கு ஊதியதும் கிளம்பிய வீடுகள் இவை. இன்று பெங்களூர் வேலைக்குப் போகிறவர்களும் பல் துலக்கி, சட்டை மாட்டி, பைக்கில் சாவியைப் போட்டுக் காத்திருப்பார்கள். ஹார்ன் கேட்டதும் எல்லாரும் ஒரே நேரத்தில் பாய்வார்கள். ஹார்னுக்கும் ரயிலுக்கும் நடுவில் அந்தச் சில நிமிடங்களில்தான் கௌதமி விழுந்தாள்.

"பத்து நிமிஷம் முன்னாடி கிளம்புங்கன்னு வூடு வூடா போயி சொன்னோம் அண்ணி. எல்லாரும் தங்கமா கேட்டாங்க."

"அப்புறம்?"

"கிளம்புனாங்க. வந்து இந்த டீக்கடையில நின்னுக்குனாங்க. ஹார்ன் அடிச்சதும் மொத்த கும்பலும் இந்த வளைவுலருந்தே பாஞ்சுது. முன்னாடி தெருத்தெருவா வரும், இப்ப ஒரே எடத்துலருந்து."

அவள் கணவர் சேகர் அண்ணா ஒயிட்ஃபீல்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். வீட்டுச் சுவரில் புத்தர் படம். அதன் கீழே சைக்கிள் பம்பும் அவருடைய பைக் ஹெல்மெட்டும். ஹெல்மெட்டில் தூசி படிந்திருந்தது.

சாப்பிடும்போது அவரே பேச்சை எடுத்தார். "கேட்டியா தங்கச்சி, நாளைக்கு என் பொண்டாட்டியே எனக்கு ரோட்டை மறிக்கப் போறா."

"மறிக்கல. மெதுவா வரச் சொல்றோம்" என்றாள் கௌதமி.

"மெதுவா வந்தா ட்ரெயின் போயிடும்."

"அப்ப சீக்கிரம் கிளம்பு. இன்னா, ஹார்ன் அடிக்காம உன் கால் எழுந்திரிக்காதா?"

"இருபது வருசமா அப்படித்தானே பழக்கம்" என்று அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கௌதமி சிரிக்கவில்லை. ரசம் ஊற்றியபோது அவளுடைய இடது கை கரண்டியைத் தாங்க முடியாமல் வலது கையிடம் கொடுத்தது. அதை அவரும் பார்த்தார்.

பாத்திரம் கழுவுகையில் நான் அவளிடம் மெல்லக் கேட்டேன். "ஞாயித்துக்கிழமைக்கு மாத்திக்கலாமா கௌதமி?"

"ஞாயித்துக்கெழம யாரு அண்ணி ஓடறாங்க? நாய்கூட படுத்துக்கினு கெடக்கும்."

"பிள்ளைங்க வேண்டாம். நாம மட்டும் ஓட்டலாம்."

"தெனமும் டியூசனுக்கு அந்த நேரத்துலதான் அதுங்க போவுது. நாளைக்கு மட்டும் வேணாமா?"

நான் தட்டுகளைத் துடைத்து அடுக்கினேன். படுத்தபின் மைத்ரி ஒரே கேள்வியைக் கேட்டாள். "நான் நல்லா ஓட்டறேனா இல்லையா?" நல்லா ஓட்டறே என்றேன். அவள் அதோடு தூங்கிவிட்டாள்.

திங்கள், காலை

ஆறு மணிக்கெல்லாம் நல்ல பனி. சயனைடு மேட்டின் அடிப்பாகம் தெரியவில்லை. உச்சி மட்டும் மிதந்தது. டீக்கடை வளைவுக்குச் சற்று மேலே பதினைந்து சைக்கிள்கள்போலச் சேர்ந்தன. பாதிப் பேர் பெண்கள், மீதி டியூஷன் பிள்ளைகள். பெங்களூரிலிருந்து நான் கொண்டுவந்த, ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் அச்சடித்த அட்டைகளைக் கௌதமி திருப்பி, பின்பக்கத்தில் சாக்பீஸால் தமிழில் எழுதியிருந்தாள்: 'நாங்களும் ரயிலுக்குத்தான் போறோம்.'

பக்கத்து வீட்டுச் சிவப்பு சைக்கிள் மைத்ரிக்கு. அவளிடம் கொடுத்துவிட்டுப் பிடியை நான் விடவில்லை. பனியில் தார்ச்சாலை ஈரமாக இருந்தது. ஈரத்தில் ஒரு பைக் பிரேக் போட்டால் எவ்வளவு தூரம் வழுக்கும்? பெங்களூரில் மனுவில் எழுதியிருக்கிறேன். இப்போது எண் ஞாபகம் வரவில்லை. இந்த ஐடியாவே என்னுடையது. யாருக்காவது அடிபட்டால் எந்த முகத்தோடு ரயில் ஏறுவேன்?

"அம்மா, விடு."

"என் இடப்பக்கமே வரணும். என்னைத் தாண்டக் கூடாது."

"சரி."

"எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கலாம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"அம்மா!"

விட்டேன். எனக்கும் ஒரு சைக்கிள் கொடுத்திருந்தார்கள். கல்லூரிக்குப் பிறகு நான் ஏறவில்லை. முதல் மிதிப்பில் கைப்பிடி ஆடியது.

இரண்டிரண்டு பேராக நகர்ந்தோம். முன்னால் கௌதமி. நானும் மைத்ரியும் கடைசி வரிசை. பிள்ளைகள் முன்னால் இருந்தால் பெரியவர்களின் கண் இருக்குமே என்று எண்ணிக் கடைசிக்கு வந்தேன். பைக்குகள் பின்னாலிருந்துதான் வரும் என்பது வளைவைத் தாண்டிய பிறகே உறைத்தது. மகளை எல்லாருக்கும் பின்னால் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன்.

அப்போது ஹார்ன் கேட்டது. தூரத்தில், நீளமாக.

பின்னால் டீக்கடை வளைவில் ஒரே சமயத்தில் பைக்குகள் உறுமின. முன்விளக்குகள் பனியை மஞ்சளாக்கிக்கொண்டு எங்கள் முதுகுக்கு வந்தன.

"இன்னா கௌதமிக்கா, கல்யாண ஊர்வலமா? மாப்ள எங்க?" என்று யாரோ கத்தினார். அது ராபர்ட். போன வருஷம் கௌதமியை இடித்தவர். அவள் ஆஸ்பத்திரியில் இருந்தவரை தினமும் இளநீரோடு வந்து அழுதவர்.

"மாப்ள உன் பின்னாலதான் வராரு, பாரு!" என்று முன்னாலிருந்து கௌதமி திரும்பாமலே கத்தினாள்.

சிலர் சிரித்தார்கள். மற்றவர்கள் ஹார்னிலிருந்து கையை எடுக்கவில்லை. "வழி வுடுங்கம்மா, பயோமெட்ரிக் கீது!" என்று ஒரு குரல் கெஞ்சியது. எனக்கு வழிவிடத்தான் தோன்றியது. வாழ்நாள் முழுக்க யாருக்காவது வழிவிட்டே பழகியவள் நான். ஓரம் போக இடமும் இருந்தது. ஆனால் ஓரத்தில் மைத்ரி இருந்தாள்.

ஒரு பைக் என் கைப்பிடியை உரசுவதுபோல நுழையப் பார்த்தது. நான் யோசிக்கவில்லை. சைக்கிளைச் சாலையின் நடுவுக்குத் திருப்பினேன். பின்னால் டயர் கிறீச்சிட்டது. முதுகில் பிரேக் சத்தத்தின் சூடே படுவதுபோல் இருந்தது. கண்ணை மூடிவிட்டேன் என்று நினைக்கிறேன், ஒரு நொடிதான்.

திறந்தபோது அருகில் சேகர் அண்ணாவின் பைக். எனக்கும் அந்தப் பைக்குக்கும் நடுவில் வந்து, காலைத் தரையில் உரசியபடி ஓட்டினார். தலையில் தூசி துடைக்காத ஹெல்மெட்.

"நீ போ மைத்ரி. மாமா பின்னாடி கீறேன்" என்றார். பிறகு பைக்கைக் குறுக்காகச் சாய்த்துத் திரும்பிக் கத்தினார். "டேய், கொழந்தைங்கடா! மெதுவா வாங்கடா!"

அதன் பிறகு ஸ்டேஷன்வரை ஹார்ன் சத்தம் இருந்தது. ஆனால் யாரும் நுழையவில்லை. அந்த ஒரு கிலோமீட்டர் எவ்வளவு நேரம் என்று தெரியாது. மைத்ரியின் பெடல் கிறீச்சிடுவதை மட்டும் கேட்டுக்கொண்டே போனேன். அந்தச் சத்தம் நிற்கக்கூடாது என்பதே என் வேண்டுதலாக இருந்தது.

ரயில் நிற்கும்போதே நாங்களும் போய்ச் சேர்ந்தோம். பைக்குகளைப் போட்ட போக்கில் விட்டுவிட்டு ஓடினார்கள். பெரும்பாலோருக்கு ரயில் கிடைத்தது. ராபர்ட் கதவில் தொங்கியபடி கும்பிட்டுக்கொண்டே போனார். கடைசியாக வந்த ஏழெட்டுப் பேர் நின்றுவிட்டார்கள். அவர்களில் சேகர் அண்ணாவும் ஒருவர்.

கௌதமியின் முகம் வெளுத்திருந்தது. நான் சேகர் அண்ணாவிடம் போனேன். "மன்னிச்சிடுங்கண்ணா, என்னாலதான்..."

அவர் குனிந்து சிவப்பு சைக்கிளின் பெடலைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்கு எண்ணெ வுடணும். ஸ்டேஷன்வரைக்கும் காதுல அறுத்துது" என்றார் மைத்ரியிடம். பிறகு கௌதமியைப் பார்க்காமல், "அந்த வளைவுல ஒண்ணும் தெரியல. ஒண்ணுமே தெரியல. நீங்கள்லாம் எப்படி ஓட்டறீங்க?" என்றார்.

"தெனமும் அப்படித்தான்" என்றாள் அவள்.

திங்கள், முற்பகல்

அடுத்த ரயிலில் அவரும் எங்களோடு வந்தார். பெட்டியில் ஒரு தெரிந்தவர், "இன்னா சேகரு, மொத கேஜ வுட்டுட்டியா?" என்று கேட்டார். சுரங்கத்தில் ஆட்களை இறக்கும் இரும்புக் கூண்டு அது. அந்தத் தலைமுறை போய்விட்டது. தாமதமாக வருகிறவனுக்கு இந்தக் கேள்வி மட்டும் மிச்சம். சேகர் அண்ணா, "நாலு புள்ளைங்கள ஏத்தி வுட்டுட்டு வரேன்" என்றார். ஒயிட்ஃபீல்டில் இறங்கும்வரை மைத்ரியின் நீல ஹெல்மெட்டை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி இருந்தார்.

புதன்கிழமை கௌதமி அழைத்தாள். முந்தின நாள் ஹார்ன் அடித்தபோது சேகர் அண்ணா ஏற்கெனவே பிளாட்பாரத்தில் இருந்தாராம். "ராபர்ட்டு?" என்றேன். "அவன் அதே வேகந்தான் அண்ணி. ஆனா வளைவுல மட்டும் பிரேக்க புடிக்கறான். அடுத்த திங்கக்கெழமையும் ஓட்டறோம்."

நாங்கள் வீடு திரும்பி இப்போது ஒரு வாரம். தங்கவயல் சாலையில் பயப்பட ஒரு நேரம் உண்டு. மற்ற நேரமெல்லாம் ஆடும் சைக்கிளும்தான். பெங்களூரில் எந்த ஹார்னுக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. விடிந்ததிலிருந்து அது அடித்துக்கொண்டேதான் இருக்கிறது. எப்போது கிளம்பினால் பத்திரம் என்று கேட்க எனக்கு இங்கே ஆளில்லை.

நேற்று பள்ளி திறந்தது. இரண்டு சைக்கிள்களையும் லிஃப்டில் இறக்கினேன். என்னுடையது பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கியது. அடுக்ககத்தின் கேட் அருகே நெடுநேரம் நின்றேன். மைத்ரி ஹெல்மெட் வாரைக் கடித்துக்கொண்டிருந்தாள். பச்சைப் பட்டையில் வழக்கம்போல் கார்கள் நின்றன.

"என் இடப்பக்கமே வரணும்" என்றேன்.

கார்களைச் சுற்றி, சாலையின் நடுவுக்கு, நான்தான் முதலில் திருப்பினேன். பின்னால் ஹார்ன்கள் தொடங்கின. அவற்றின் நடுவே அவளுடைய பெடல் சத்தத்தைத் தேடிப் பிடித்துக் கேட்டுக்கொண்டே ஓட்டினேன்.